குதிரைப் போர்வை சரியாகப் பொருந்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்துவிட்டால் லாயங்களில் பேச்சு முழுக்கப் போர்வையைப் பற்றித்தான். இன்று இரவு மழை வருமா, எத்தனை கிராம் பஞ்சு வைத்த போர்வை போடலாம், நேற்றுப் போட்டதே போதுமா என்று ஆளுக்கொரு கணக்கு. போட்டிருக்கிற போர்வை அந்தக் குதிரையின் உடம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் யாரும் அதிகம் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்புகிறவர்கள், பங்குக்கோ சொந்தமாகவோ குதிரை வைத்திருக்கிற தமிழர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அடிக்கடி வரப்போகிற ஒரு சொல்: விதர்ஸ். பிடரிமயிர் முடிகிற இடத்தில், சேணத்துக்குச் சற்று முன்னால் மேடாகத் தெரியும் எலும்புப் பகுதி அது.

போர்வை பொருந்தாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். குதிரை மேயும்போது தலையைத் தரைவரை இறக்குகிறது. அப்போது போர்வையின் கழுத்து விளிம்பு விதர்ஸ் மேல் இறுகும், மார்பு வார் தோள்முனைகளில் இழுபடும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை முன்னும் பின்னும் நகர்கிறது, துணி அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது. முதலில் முடியின் பளபளப்பு போகும், பிறகு முடி உதிரும், பிறகு தோல் சிவந்து புண்ணாகும். விதர்ஸில் எலும்புக்கு மேல் மெத்தை மாதிரி தசையோ கொழுப்போ அதிகம் கிடையாது, அதனால் அழுத்தம் நேராக எலும்பில் விழும். நாள்பட்ட அழுத்தத்தில் அந்த இடத்து முடி வெள்ளையாக முளைக்கத் தொடங்கும், பிறகு பழைய நிறம் திரும்புவது அரிது.

கண்ணுக்குத் தெரிகிற புண்ணைவிட எனக்குக் கவலை தருவது நடத்தையில் வரும் மாற்றம். போர்வையை எடுத்துக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்கும், கடிக்க வரும், விதர்ஸைத் தேய்க்கவிடாது, அடி குட்டையாகும். உடனே 'இதற்குக் குணம் சரியில்லை' என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், அல்லது சேணம் பொருத்துபவரைக் கூப்பிடுகிறார்கள். சேணத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சேணம் முதுகில் இருப்பது ஒரு மணி நேரம், போர்வை இருப்பது இருபது மணி நேரத்துக்கு மேல். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் குழுவினர் மூன்று விதமான போர்வைகள் விதர்ஸ் மேல் தரும் அழுத்தத்தைக் கருவி வைத்தே அளந்து 2010இல் வெளியிட்டார்கள். கழுத்துப் பகுதி எப்படி வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

முதலில் என் குதிரைக்குப் போர்வை தேவையா?

பல குதிரைகளுக்குத் தேவையே இல்லை. நமக்குக் குளிர்வதால் அதற்கும் குளிரும் என்று நினைத்துத்தான் பாதிப் போர்வைகள் வாங்கப்படுகின்றன. சாதாரணமாக 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி செல்சியஸ் வரை குதிரையின் உடல் பெரிய சிரமமில்லாமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும், குளிருக்குப் பழகிய குதிரை அதற்குக் கீழேயும் தாங்கும். கோடையின் நடுவில் பகல் குறையத் தொடங்கியதுமே அதன் உடல் குளிர்கால முடிக்குத் தயாராகிறது. குளிர் வந்தால் அந்த முடி சிலிர்த்து நின்று, நடுவில் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் வைக்கோல், புல் போன்ற நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது உள்ளிருந்தே சூடு உண்டாகிறது. ஆகவே குளிர் இரவுக்கு முதல் மருந்து கூடுதல் உலர்புல்.

எக்ஸ்மூர், டார்ட்மூர், ஷெட்லாந்து போன்ற இந்த மண்ணின் மட்டக்குதிரைகள் நல்ல உடம்போடு, ஒதுங்க இடத்தோடு இருந்தால் வெறும் உடம்போடு குளிர்காலத்தைக் கடந்துவிடும். முடி கத்தரித்தது, வயதானது, மெலிந்தது, நோயிலிருந்து எழுந்தது, தோல் மெல்லிய தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம், இவைதான் போர்வை கேட்பவை. கழுதை கணக்கு வேறு: அதன் முடி குதிரை முடி அளவுக்கு மழையைத் தடுக்காது, ஆகையால் கூரை கட்டாயம். சும்மாவே குண்டாக இருக்கும் மட்டக்குதிரைக்குக் குளிர்காலம் முழுக்கத் தடித்த போர்வை போட்டு வைத்தால், இயற்கையாகக் குறைய வேண்டிய எடை குறையாமல் அப்படியே வசந்தகாலப் புல்லுக்குப் போகும். லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய்க்கு அது நேர் வழி.

அளவு எப்படி எடுப்பது?

இரண்டு பேர் வேண்டும், தையல்காரர் வைத்திருக்கும் மாதிரி மடங்குகிற நாடா வேண்டும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக இருக்க நிறுத்துங்கள். மார்பின் நடுவில், கழுத்து மார்போடு சேரும் இடத்தில் நாடாவை வைத்து, தோளின் மிகப் புடைத்த பகுதியின் மேலாக, தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொண்டுபோய், பின்புறத்தில் பிட்டத்தின் கடைசி முனையில் நிறுத்துங்கள். நாடா தொங்கினாலும் தப்பு, வயிற்றுப் பக்கம் இறங்கினாலும் தப்பு.

75 அங்குலம் வந்தால் பிரிட்டிஷ் கணக்கில் 6 அடி 3 அங்குலப் போர்வை. இங்கே அளவுகள் மூன்று மூன்று அங்குலமாக ஏறும், இடைப்பட்ட அளவு வந்தால் அடுத்ததை எடுத்துத் தோளைப் பார்த்து முடிவு செய்யலாம். ஐரோப்பியக் கடைகளில் விதர்ஸிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகின் மேல் அளந்து சென்டிமீட்டரில் சொல்வார்கள், அதே குதிரைக்கு அங்கே 140, 145 என்ற எண் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம்.

ஒரே அளவுதான், ஒரு போர்வை பொருந்துகிறது, இன்னொன்று பொருந்தவில்லை. ஏன்?

எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. தரோபிரெடுக்கு விதர்ஸ் உயரம், மார்பு குறுகல். காப் என்ற குட்டையான, தடித்த உடம்புக் குதிரை வகைக்கு முதுகு பலகை மாதிரி அகலம், கழுத்து தடிமன், தோள் பெரிது. இரண்டும் 6 அடியாக இருக்கலாம், ஆனால் ஒன்றின் போர்வை மற்றதில் உட்காராது. விதர்ஸ் உயரமானவற்றுக்கு அந்த இடத்தில் மேலே தூக்கி வெட்டியதோ, உயர்ந்த கழுத்து வைத்துத் தைத்ததோ பார்க்க வேண்டும். அகலத் தோள்காரர்களுக்குத் தோளில் ஆழமான மடிப்பு விட்டுத் தைத்தது வேண்டும், அந்த மடிப்பு தோள்மூட்டுக்கு நேராக விரிய வேண்டும், அதற்குப் பின்னால் இருந்தால் பயன் இல்லை. விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலை கூடினால் துணி உறுதியாக இருக்கும், உங்கள் குதிரையின் உடல்வாகை அந்தக் கம்பெனிக்காரர் பார்த்ததில்லை.

போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒரு சுத்தமான பருத்தி விரிப்பைக் குதிரை மேல் போட்டு, அதன்மேல் புதுப் போர்வையைப் போடுங்கள். முடி ஒட்டாமல் இருந்தால்தான் கடைக்காரர் திருப்பி எடுப்பார். போர்வையை எப்போதும் கழுத்துப் பக்கமாகவே தூக்கி வைத்துப் பின்னால் இழுத்து இருத்துங்கள், முடி படிந்து போகும். பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் முடி எதிர்த்து நின்று நாள் முழுக்க உறுத்தும்.

கழுத்து விளிம்பு விதர்ஸுக்கு நாலு விரற்கடை முன்னால் இருக்க வேண்டும். விதர்ஸ் மேலேயே உட்கார்ந்தாலோ அதற்குப் பின்னால் சரிந்தாலோ அந்தப் போர்வை வேண்டாம். விதர்ஸ் பக்கமாகக் கையை உள்ளே விட்டால் தாராளமாகப் போய்வர வேண்டும். அதே கையைத் தோள் வழியாகக் கீழே இறக்குங்கள், இறுக்கம் தட்டக் கூடாது. மார்பு வாரைப் பூட்டும்போது இழுத்துப் பிடித்துப் பூட்ட வேண்டியிருந்தால் சிறியது. பூட்டிய பிறகு தோள்முனைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் பெரியது. வாலடியில் முடிய வேண்டும், வாலைத் தாண்டிப் பாவாடை மாதிரி தொங்கக் கூடாது. பக்கவாட்டில் முழங்கைக்கும் பின்தொடை மடிப்புக்கும் கொஞ்சம் கீழே வந்தால் போதும், வயிறு வெளியே தெரியாது.

இத்தனையும் குதிரை அசையாமல் நிற்கும்போது பார்ப்பது. நிஜச் சோதனை அதன் பிறகு. ஒரு கேரட்டைத் தரையில் வைத்து எடுக்கவிடுங்கள், தலை கீழே இருக்கும்போதே விதர்ஸுக்குள் கையை விட்டுப் பாருங்கள். நின்றபோது தாராளமாக இருந்த இடம் இப்போது கையைப் பிடித்து நசுக்கினால், மேயும் நேரமெல்லாம் குதிரைக்கு அதே கதிதான். பிறகு சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் நடத்திப் பாருங்கள், அரைநாள் விட்டு மீண்டும் பாருங்கள். காலையில் நேராகப் போட்டது மாலையில் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் எங்கேயோ பொருத்தம் சரியில்லை.

கொஞ்சம் பெரிதாக வாங்கினால் தாராளமாக இருக்குமே?

பலரும் செய்வது இதுதான். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு. பெரிய போர்வை தன் பாரத்தால் பின்னோக்கிச் சரியும். கழுத்து விளிம்பு விதர்ஸுக்குப் பின்னால் இறங்கும், அப்போது மொத்தப் பாரமும் விதர்ஸிலும் இரண்டு தோள்களிலும் தொங்கும். உரசல், முடி உதிர்வு, புண் எல்லாம் சிறிய போர்வையில் வருவது போலவே இதிலும் வரும். பார்ப்பவர்கள் 'தோளில் இறுக்குகிறது' என்று நினைத்து இன்னும் பெரிதாக வாங்குவார்கள், சிக்கல் இன்னும் கூடும். தவிர, பெரிய போர்வை பக்கவாட்டில் சுழன்று வயிற்றுக்கடியில் போனால், குதிரை படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். மிரண்டு ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வளரும் குட்டிக்கு 'அடுத்த வருடமும் ஆகும்' என்று பெரிதாக வாங்குவதும் இதே தப்புதான்.

தோளில் முடி உதிர்கிறது. உள்ளே வழுவழுப்பான சட்டை போட்டால் போதுமா?

தோளுக்குள் போடுகிற நைலான் சட்டைகள் உரசலைக் குறைக்கும், அழுத்தத்தை எடுக்காது. பொருத்தமான போர்வையிலும் தோல் மெல்லிய குதிரைக்கு லேசாக முடி தேயலாம், அதற்கு அது சரி. ஆனால் தோல் தெரிகிற அளவு உதிர்ந்திருந்தால், அல்லது விதர்ஸைத் தொட்டதும் முதுகைத் தாழ்த்தினால், சட்டையால் மறைக்காதீர்கள், போர்வையை மாற்றுங்கள். புண் இருந்தால் ஆறும்வரை அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது, வீக்கமோ சூடோ தெரிந்தால் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

வார்களை எவ்வளவு தளர்வாக விட வேண்டும்?

வயிற்று வார்கள் வயிற்றின் நடுவில் குறுக்காகக் கடக்க வேண்டும், வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தால் சரி. அதைவிடத் தொங்கினால் கால் நுழையும். கால் வார்களில் ஒன்றை மற்றதன் வழியே கோத்துப் பூட்டினால் உள்தொடையில் உரசாது, அங்கேயும் கை அகலம்தான் கணக்கு. வாலுக்கடியில் போகும் கயிறு காற்றில் போர்வை தூக்காமல் பிடித்துக்கொள்ளும்.

பூட்டுகிற வரிசையில் லாயத்துக்கு லாயம் வழக்கம் மாறும், ஆனால் ஒன்று மாறக் கூடாது: கால் வார்களைக் கடைசியில் பூட்டுங்கள், கழற்றும்போது முதலில் அவிழுங்கள். கால் வார் மட்டும் பூட்டியிருக்க மற்றதெல்லாம் அவிழ்ந்திருந்தால், குதிரை ஒரு சத்தத்துக்கு மிரண்டாலும் போர்வை பின்னங்கால்களில் சுற்றிக்கொள்ளும்.

கிராம், டீனியர் என்றால் என்ன?

கிராம் என்பது உள்ளே அடைத்திருக்கும் பஞ்சின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு. பஞ்சே இல்லாத பூஜ்யம் மழையை மட்டும் தடுக்கும், 100 லேசு, 200 நடுத்தரம், 300க்கு மேல் கனம். டீனியர் வெளித்துணியின் நூல் தடிமன்: 600 சாதாரணம், 1200க்கு மேல் போனால் முள்வேலியையும் பக்கத்துக் குதிரையின் பல்லையும் ஓரளவு தாங்கும். ஒரு விஷயம், மெல்லிய போர்வை சிலிர்த்து நிற்கும் முடியை அமுக்கிவிடும். நல்ல முடி வளர்ந்த குதிரைக்கு உலர்ந்த குளிர் நாளில் அது உதவியைவிட உபத்திரவமாகலாம்.

குதிரைக்குக் குளிர்கிறதா, வேர்க்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காதைத் தொட்டுப் பார்ப்பது இங்கே பழைய பழக்கம், அதை மட்டும் நம்ப முடியாது. விதர்ஸுக்குப் பின்னால், தோளுக்குப் பின்னால் போர்வைக்குள் கையை விடுங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் நல்லது. கசகசவென்று ஈரமாக இருந்தால் அதிகம், உடனே குறையுங்கள். வியர்வை ஊறிய தோலில் ரெயின் ஸ்கால்ட் போன்ற தோல் நோய் வரும், பொருக்கு தட்டி முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும்.

மார்ச் மாதத்தில் காலையில் உறைபனி, மதியம் 15 டிகிரி வெயில் என்று வானிலை இருக்கும். காலையில் 300 கிராம் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வந்தால், குதிரை மதியம் முழுக்க அதைக் கழற்ற வழியில்லாமல் வெந்துகொண்டிருந்திருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு படி குறைவாகப் போடுவதே நல்லது. லேசாகக் குளிரும் குதிரை நடந்து, மேய்ந்து, முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று சமாளிக்கும்.

தினமும் ஒரு முறையாவது போர்வையை முழுவதுமாகக் கழற்றி, தோள், விதர்ஸ், முதுகெலும்பு, பின்தொடை எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பையும் தொட்டுப் பாருங்கள், போர்வைக்குள்ளே குதிரை மெலிவதும் பெருப்பதும் வெளியே தெரியாது.

குதிரைக்கே போர்வை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியுமா?

தெரியும், கேட்டும் பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைப் பழக்கினார்கள். படுக்கைக் கோடு போட்ட பலகை என்றால் 'போர்வை போடு', நிற்கும் கோடு என்றால் 'கழற்று', வெறும் வெள்ளை என்றால் 'அப்படியே விடு'. எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டு மூக்கால் தொட்டுக் காட்டின. மழையும் குளிர்காற்றும் சேர்ந்த நாளில் போடச் சொன்னன, வானிலை நன்றாக இருந்தால் வேண்டாம் என்றன. 2016இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் குதிரைகளிடம் பலகை இல்லை, ஆனால் போர்வையைக் கண்டதும் அவை திரும்பி நிற்பதும் காதை மடக்குவதும் பதில்தான்.

கழுத்து மூடி வேண்டுமா?

முடி முழுவதும் கத்தரித்த குதிரைக்கு, மழை விடாத இடத்தில் வேண்டலாம். மற்றவற்றுக்குத் தேவை குறைவு. கழுத்து மூடியின் பாரமும் விதர்ஸ் மேல்தான் சேரும், பிடரிமயிரும் தேயும். தலை தாழ்த்தும்போது காது, கண் பக்கம் சரிந்து வராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரைகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருத்தம் பற்றிச் சொன்ன அத்தனையும் அப்படியே பொருந்தும். உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கி உறைபனி விழும். ஆனாலும் அங்கே முதலில் வேண்டியது கூரையும், உலர்ந்த தரையும், வயிறு நிறையத் தீனியும். பழைய கம்பளியையோ சாக்கையோ முதுகில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடாது. கயிறு முதுகெலும்பை அழுத்தும், சாக்கு மழையைக் குடித்துக் கனத்து, நனைந்த துணியோடு இரவெல்லாம் குதிரை நிற்கும். அதற்குச் சும்மா விட்டாலே மேல். சவாரி முடிந்து வியர்த்திருந்தால் வைக்கோலால் நன்றாகத் தேய்த்து உலர்த்தி, பிறகுதான் எதையும் போர்த்த வேண்டும்.

சமவெளியில், சென்னை, மதுரை, கோவைப் பக்கம், சூட்டுக்காகப் போர்வையே வேண்டாம். நிழலும் தண்ணீரும் காற்றோட்டமும் பாருங்கள்.

கோடையில் போடும் ஈப்போர்வைக்கும் இதே அளவா?

அளவு எடுப்பது அப்படியே. குலிகாய்ட்ஸ் என்ற பொடிப்பூச்சி கடித்து அரிப்பு வரும் குதிரைகளுக்குப் போடும் போர்வை மட்டும் உடம்பை ஒட்டி, வயிற்றையும் மூடி இருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் பூச்சி உள்ளே புகும். ஒட்டி இருப்பதால் உரசலும் அதிகம், இன்னும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

போன வருடப் போர்வையை இந்த வருடம் போடலாமா?

போடலாம், மீண்டும் அளந்துவிட்டு. ஒரு கோடையில் குதிரையின் கழுத்தும் தோளும் நிறைய மாறிவிடும், குறிப்பாக இளங்குதிரைக்கும், பயிற்சி கூடியதற்கும், வயதாகி முதுகு தொய்ந்ததற்கும். ஒரு குதிரையின் போர்வையை இன்னொன்றுக்குப் போடுவதானால் அளவோடு தோல் நோயையும் யோசியுங்கள், துவைக்காமல் மாற்றிப் போடாதீர்கள். சாதாரணச் சலவைத்தூள் மழை தடுக்கும் பூச்சைக் கெடுக்கும், இதற்கென்று விற்கும் திரவத்தில், 30 டிகிரிக்கு மேல் போகாமல் துவைத்து, தேவைப்பட்டால் மறுபடி நீர்ப்பூச்சுப் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள். கிழிந்த துணியைத் தைக்கலாம், வளைந்த கொக்கியை மாற்றலாம், இழுவை போன எலாஸ்டிக் வாரையும் மாற்றலாம். உள்பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு ஒரு இடத்தில் மட்டும் அழுத்துகிறது என்றால் அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.